பெண்பிள்ளைகள் பொறுப்பேற்கும் பொதுப்பணி

(தோட்டப் பெற்றோர் கூட்டம் ஒன்றுக்கென ஆயத்தம் செய்யப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், நிரையெல்லாம் நடந்து பால்வெட்டி, உச்சிவெயிலில் வீடு திரும்புகின்றவர்கள் நீங்கள். கிடைக்கும் ஓய்வுநாளையும் இக்கூட்டத்திற்காக ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வந்துவிடுகிறேன். சாரணியர் இயக்கத்தில் சேர்ந்துள்ள பதினான்கு, பதினைந்து, பதினாறு வயதுப் பெண்பிள்ளைகள், தாங்களே ஒரு குறையைக் கண்டறிந்து, தாங்களே திட்டமிட்டு, தாங்களே தலைமையேற்று நடத்துகின்ற பொதுப்பணியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். 'தாங்களே' என்னும் சொல்லை மூன்று முறை சொன்னேன். என் பேச்சின் சாரம் முழுவதும் அச்சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

நம் தோட்டங்களில் பெண்பிள்ளைகள் பொதுப்பணி செய்யாமல் இல்லை. கோத்தோங் ரோயோங் என்றால் முதலில் துடைப்பத்தை எடுப்பவர்கள் அவர்களே. கோயில் திருவிழாவில் பூத்தொடுப்பவர்களும், பள்ளி விளையாட்டுப் போட்டியில் தண்ணீர் வார்ப்பவர்களும் அவர்களே. இவை சிறுமையான பணிகள் என்று நான் கூறவில்லை. ஆனால், எந்தச் சாக்கடையைத் துப்புரவு செய்வது, எந்த நாளில் செய்வது, யாரிடம் மண்வெட்டி கேட்பது என்று முடிவு செய்தவர் யார்? பிள்ளையை யாரும் கேட்பதில்லை. 'பெருக்கு' என்றோம், பெருக்கினாள். அதிகாரிகள் வந்து நிழற்படம் எடுத்துக்கொண்டார்கள். தகவல் துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் அத்தகைய படங்கள் பலவற்றை நானும் பார்த்தவன்தான். மூன்று வாரம் கழித்து அதே சாக்கடையில் அதே குப்பை தேங்கிக் கிடக்கிறது. ஏன் தேங்குகிறது என்று கேட்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பை ஒரு பெண்பிள்ளையிடம் ஒப்படைத்துப் பார்க்கலாமே என்பதுதான் நான் உங்கள்முன் வைக்கும் கோரிக்கை.

சாரணியர் இயக்கம் தோன்றிய விதமே இதற்குப் பொருத்தமாய் அமைந்திருக்கிறது. 1909-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் கிரிஸ்டல் பேலஸ் என்னும் இடத்தில் சாரணச் சிறுவர்களின் பேரணி நடைபெற்றது. ஆயிரக்கணக்கான சிறுவர்கள் அணிவகுத்து நின்றனர். அவர்கள் நடுவே, எவரும் அழைக்காமலேயே, கைக்குக் கிடைத்த உடுப்புகளைக் கொண்டு தாங்களாகவே சீருடை அமைத்துக்கொண்ட ஒரு சிறுமியர் கூட்டமும் வந்து நின்றது. 'நாங்களும் சாரணர்களே' என்று அவர்கள் அறிவித்தார்கள். இயக்கத்தை நிறுவிய பேடன் பவல், பெண்களுக்கெனத் தனி இயக்கம் ஒன்று வேண்டும் என்பதை உணர்ந்து, அப்பொறுப்பைத் தம் சகோதரி ஆக்னஸ் பேடன் பவலிடம் ஒப்படைத்தார். 1910-இல் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. பெரியவர்கள் வட்டமாய் உட்கார்ந்து பேசித் தொடங்கி வைத்த இயக்கமன்று இது. சிறுமியர் வந்து நின்றுவிட்டதனால் தொடங்க வேண்டியதாயிற்று.

அவர்களுக்காக 1912-இல் வெளிவந்த முதற் கையேட்டின் பெயர், பேரரசைக் கட்டியெழுப்பச் சிறுமியர் எவ்வாறு உதவலாம் என்னும் பொருளில் அமைந்திருந்தது. அந்தப் பேரரசுதான் நம் பாட்டன் பாட்டியரைக் கப்பலேற்றி இந்தக் கித்தாக் காடுகளுக்குக் கொண்டுவந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. பேரரசு போய்விட்டது. சிறுமியரின் இயக்கம் நிலைத்துவிட்டது. இன்று அது நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. அதன் உலக மையங்களுள் ஒன்று இந்தியாவின் புனே நகரில் 1966-இல் திறக்கப்பட்டது. அம்மையத்தின் பெயர் 'சங்கம்' என்று அறியும்போது, நாம் அந்நியமான ஓர் இடத்திற்குள் நுழைகிறோம் என்னும் தயக்கம் சற்றுக் குறையும் என்று நம்புகிறேன்.

மலாயாவிற்கு இவ்வியக்கம் 1916-இல் வந்து சேர்ந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1960-இல் உலகச் சாரணியர் அமைப்பின் முழு உறுப்பினர் ஆயிற்று. மலாய் மொழியில் பண்டு புத்ரி என வழங்கப்படுவது இதுவே. தொடக்கப்பள்ளிச் சிறுமியருக்குத் துனாஸ் புத்ரி என்றும், இடைநிலைப்பள்ளி மாணவியருக்கு வயதுக்கேற்ப ரெமாஜா, ரெஞ்சர் என்றும் பிரிவுகள் உண்டு.

போர்க்காலத்தில் நம் அண்டையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்து, அங்கிருந்த ஐரோப்பியக் குடும்பங்களைச் சாங்கிச் சிறையில் அடைத்தனர். அச்சிறையில் எலிசபெத் என்னிஸ் என்னும் தாதி, சிறுமியர் இருபது பேர் அளவில் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றைத் தொடங்கினார். வாரம் ஒருமுறை முற்றத்தின் ஒரு மூலையில் கூடினார்கள். வயிற்றுக்குச் சரியான சோறில்லை, மாற்றுத் துணியில்லை. அந்நிலையில் அச்சிறுமியர் தங்கள் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசு கொடுக்க எண்ணினர். கிழிந்த துணித் துண்டுகளைத் தேடி எடுத்து, அறுகோணமாய் நறுக்கி, காவலர் கண்ணில் படாமல் ஒன்றோடொன்று தைத்து ஒரு போர்வையை உருவாக்கினார்கள். அதனைக் கண்ட பின்னரே சிறையிலிருந்த வளர்ந்த பெண்களும் போர்வைகள் தைக்கத் தொடங்கினர். கைதிப் பெண்கள் தத்தம் பெயரையும் அடையாளத்தையும் துணியில் தைத்து, தாங்கள் உயிரோடிருக்கும் செய்தியை வேறு முகாமிலிருந்த கணவன்மாருக்கு அறிவிக்க அப்போர்வைகள் உதவின. சிறுமியர் வழிகாட்ட, பெரியவர்கள் பின்தொடர்ந்தார்கள். சிறுமியரின் அந்தப் போர்வை இன்றும் இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

அதே ஆண்டுகளில் நம் மக்கள் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சயாமுக்குப் போனவர்கள் திரும்பாத குடும்பங்கள் இக்கூட்டத்திலும் இருக்கும். ஆனால் 1943-இல் ஜான்சி ராணிப் படை அமைக்கப்பட்டபோது, அதில் சேர்ந்த பெண்களில் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போனவர்கள் என்பதை நம் பிள்ளைகளிடம் நாம் போதிய அளவு சொல்வதில்லை. ஈப்போவில் பிறந்த இராசம்மா பூபாலன் அப்படையில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினாறு. பின்னாளில் ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் வேண்டும் என்று போராடிய முன்னணியினருள் ஒருவராக விளங்கினார். துப்பாக்கி தூக்கவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 'நம் பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே வரும்?' என்று கேட்போருக்காகச் சொல்கிறேன்.

சரி, பதினான்கு வயதுப் பிள்ளை எவ்வாறு தலைமையேற்கக் கற்றுக்கொள்கிறாள்? இவ்விடத்தில் சாரணியர் இயக்கத்தின் அமைப்பு முறையைச் சற்று விளக்கவேண்டும். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. வகுப்பறையில் ஒரே ஆசிரியர் முன்னே நிற்க, நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருப்பர். சாரணியர் கூட்டத்தில் அப்படியில்லை. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகளாகப் பிரிந்திருப்பார்கள். ஒவ்வோர் அணிக்கும் அவர்களுள் ஒருத்தியே தலைவி. கூடாரம் அடிப்பது, சமைப்பது, கணக்கு எழுதுவது, புதிதாய் வந்தவளுக்குக் கயிறு முடிச்சுக் கற்றுக்கொடுப்பது எல்லாம் அணிக்குள்ளேயே நடைபெறும். அணித்தலைவிகள் கூடி முடிவெடுப்பார்கள். ஆசிரியை அருகில் இருப்பார், ஆனால் எல்லாவற்றிலும் கைவைக்கமாட்டார். எட்டுப் பேரை ஒன்றாக வைத்து வேலை வாங்குவது எவ்வளவு கடினம் என்பது இங்கிருக்கும் கங்காணிமார்களுக்குத் தெரியும். அதை ஒரு பிள்ளை அதட்டல் இல்லாமல், தன் வயதுத் தோழியரிடமே கற்றுக்கொள்கிறாள்.

இவ்வாறு அணியை நடத்தப் பழகிய பிள்ளைக்கு அடுத்த படி, ஊருக்குப் பயன்படும் ஒரு பணியை நடத்துவது. இதனை மிகத் தெளிவாக வகுத்து வைத்திருப்பவர்கள் அமெரிக்கச் சாரணியர். அங்கே 1912-இல் ஜூலியட் கோர்டன் லோ என்னும் அம்மையார் பதினெட்டுச் சிறுமியரோடு இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வியக்கத்தின் மிக உயர்ந்த விருது, 1980 முதல் தங்க விருது என்னும் பெயரால் வழங்கப்பட்டு வருகிறது. உயர்நிலைப்பள்ளி வகுப்புகளில் பயிலும் மாணவியர், அதாவது ஏறத்தாழப் பதினான்கு முதல் பதினெட்டு வயதினர், அதற்கு முயலலாம். அவ்விருது நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு உரியதன்று. ஆயினும் அதன் விதிகளில் நாம் கற்றுக்கொள்ளவேண்டியவை உண்டு.

மாணவி தன் சுற்றுப்புறத்தில் உள்ள ஒரு குறையைத் தானே தேர்ந்தெடுக்கவேண்டும். அக்குறையின் வெளித்தோற்றத்தை மட்டும் பார்க்காமல் அதன் வேர் எங்கே இருக்கிறது என்று ஆராயவேண்டும். உதவிக்கு ஆள் சேர்க்கலாம், ஆனால் தலைமை அவளுடையது. ஏறக்குறைய 80 மணிநேர உழைப்பு அதற்கு வேண்டியிருக்கும் என்று வழிகாட்டுகிறார்கள். அறிவுரை கூற அத்துறை தெரிந்த பெரியவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளவேண்டும். அந்தப் பெரியவர் அவளுடைய தாயாகவோ தந்தையாகவோ இருத்தல் கூடாது! இவ்விதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெற்றோர் மனத்தை நன்கறிந்தவர்கள்தாம் இதை எழுதியிருக்கவேண்டும். பிள்ளையின் கைத்தொழில் பாடத்தைத் தாமே செய்து கொடுத்துவிடும் தந்தைமார் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள் போலும்.

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு விதி உண்டு. அவள் படிப்பு முடிந்து ஊரைவிட்டுப் போன பின்னரும் அப்பணி தொடர்ந்து நடைபெற வழி செய்திருக்கவேண்டும். ஒருநாள் கூடிப் பெருக்கிவிட்டுப் போவது அங்கே கணக்கில் வராது.

இது நம் தோட்டத்திற்கு எவ்வாறு பொருந்தும்? கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் படிவத்தில் படிக்கிறாள். அவள் குடியிருக்கும் தோட்டத்தில் ஒரே மாதத்தில் மூன்று பேருக்கு டிங்கிக் காய்ச்சல். டிங்கி நமக்குப் புதிதன்று. 2023-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 120,000-க்கும் மேற்பட்டோர் அக்காய்ச்சலுக்கு ஆளாயினர். புகையடிக்க ஆள் வருகிறார்கள், போகிறார்கள், மீண்டும் காய்ச்சல் வருகிறது. அவள் தன் அணியினர் ஏழு பேரைக் கூட்டி, 'இது ஏன் நிற்கவில்லை?' என்று கேட்கிறாள்.

முதல் வேலை, எண்ணுவது. லயத்தில் அறுபது வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் இருவராகச் சென்று, வீட்டாரிடம் அனுமதி கேட்டு, வாசலிலும் கொல்லையிலும் தண்ணீர் தேங்கும் கலன்களைப் பார்த்து, எத்தனை வீடுகளில் கொசுப்புழு நெளிகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். பதினைந்து வீடுகளில் இருந்தால் நூற்றுக்கு இருபத்தைந்து. சுகாதார அலுவலர்கள் கையாளும் அளவை முறையும் இதுவே. படிவத்தில் படித்த விழுக்காட்டுக் கணக்கு அவளுக்கு முதன்முறையாக எதற்கோ பயன்படுகிறது.

அடுத்து, வேரைத் தேடுவது. புழு எங்கே அதிகம்? பழைய டயரிலும் பால் டின்னிலும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள், வீட்டுப் பின்புறத்துத் தண்ணீர்ப் பீப்பாய்களில்தான் மிகுதியாகக் காண்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பீப்பாயில் ஏன் தண்ணீர் பிடித்து வைக்கிறோம்? குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் வருவதில்லை. ஆகவே 'தண்ணீரைக் கொட்டுங்கள்' என்று வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தால் ஒரு பயனும் இல்லை. குடிக்கவும் குளிக்கவும் வைத்திருக்கும் தண்ணீரை எந்தத் தாய் கொட்டுவாள்? பீப்பாய்க்கு மூடி வேண்டும். நெருக்கமான வலைத்துணியை வாயில் பரப்பி, பழைய சைக்கிள் டியூபை வளையமாய் அறுத்து இறுகக் கட்டினால் மூடி ஆயிற்று. துண்டறிக்கை எழுதுவது எளிது. மூடிதான் வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்கு அறுபது வீடு ஏறி இறங்கவேண்டும்.

வீட்டைவிட்டு வெளியே வந்தால் பால்காடு. ஏடிஸ் கொசுவில் இரு வகை உண்டு. ஒன்று வீட்டை அண்டியது. மற்றொன்று தோப்பையும் காட்டையும் அண்டியது. நாள்தோறும் பால் விழும் மங்கில் அது முட்டையிடுவதில்லை. வெட்டாமல் ஓய்வு கொடுத்த மரங்களிலும், இலையுதிர் காலத்தில் வெட்டு நின்ற மரங்களிலும், நிமிர்ந்தபடியே விட்டுவிட்ட மங்குகளில் மழைநீர் நின்றால், அங்கேதான் அது பெருகுகிறது. பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும் கடிப்பது இக்கொசு. காலையில் மரத்தடியில் நிற்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும். மங்கைக் கவிழ்த்து வைப்பது ஒரு நொடி வேலை. ஆனால் அதை எவர் செய்வது, எந்த நாளில் செய்வது என்பது நிர்வாகி உத்தரவிடவேண்டிய செய்தி. ஆகவே அந்த மாணவி தோட்ட நிர்வாகிக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். தானே எழுதவேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியை திருத்தட்டும். அப்பா கிராணியிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொடுத்தால் அது அவளுடைய கடிதம் ஆகாது. நிர்வாகி அவளை அழைத்தால், அவளே கணக்குப் புத்தகத்தோடு போய்ப் பேசட்டும். துணைக்கு ஆசிரியை போகலாம், பேச்சு மட்டும் பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

இன்று தோட்டங்களில் நம்மவர் மட்டும் இல்லை. இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நம்மோடு வேலை செய்கிறார்கள். கொசு யார் வீடு என்று பார்த்துக் கடிப்பதில்லை. அவர்கள் தங்கியிருக்கும் பகுதியையும் கணக்கெடுப்பில் சேர்க்கவேண்டும். அங்கே ஆசிரியையோ தோட்ட மருத்துவ உதவியாளரோ உடன் வராமல் பிள்ளைகள் போகக்கூடாது. ஆனால் அவர்களிடம் மலாய் மொழியில் விளக்கிச் சொல்ல, பள்ளியில் படிக்கும் இப்பிள்ளைகளைவிடத் தகுந்தவர் நம்மில் எத்தனை பேர்?

மூடி போட்டாயிற்று, மங்கு கவிழ்த்தாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை. நம் நாட்டு வெப்பத்தில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள்களே போதும். ஆகவே வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். ஏடிஸ் முட்டை காய்ந்த கலனின் ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரித்துவிடும். ஆகவே கலனைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். புழுக்கொல்லி மருந்தைச் சுகாதாரப் பணியாளர்தாம் கையாளவேண்டும். பிள்ளைகள் தொடவேண்டியதில்லை. நான்கு வாரம் கழித்து அறுபது வீடுகளையும் மீண்டும் எண்ணவேண்டும். நூற்றுக்கு இருபத்தைந்து, எட்டாகக் குறைந்திருந்தால் அவள் மகிழலாம். குறையவில்லையென்றால் எங்கே தவறியது என்று அணி கூடிப் பேசவேண்டும். இரண்டாவதுதான் பெரிய பாடம்.

அப்படிக் குறையாமல் போவதும் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூடியைச் சிலர் கழற்றி எறிவார்கள். 'சின்னப் பிள்ளை வந்து எனக்குச் சொல்வதா?' என்று ஒரு பெரியவர் கதவைச் சாத்துவார். அந்த நேரத்தில் தோட்டத் தலைவரோ, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரோ, 'தள்ளு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வேலையைப் பிடுங்கிக்கொள்வதுதான் எனக்கு அச்சமாயிருக்கிறது. பிடுங்கினால் வேலை விரைவாக முடியும். அடுத்த முறை அப்பிள்ளை வாய் திறக்கமாட்டாள்.

அவள் ஐந்தாம் படிவம் முடித்துப் போகுமுன், அந்தக் கணக்குப் புத்தகத்தை இரண்டாம் படிவத்து மாணவி ஒருத்தியிடம் ஒப்படைத்து, வீடுகளை எண்ணும் முறையைக் கற்றுக்கொடுத்திருக்கவேண்டும். எந்த வீட்டில் எந்த நேரம் போனால் ஆள் இருப்பார்கள் என்பதுகூட அதில் எழுதியிருக்கவேண்டும். அமெரிக்க விதியில் நான் குறிப்பிட்ட தொடர்ச்சி என்பது இதுதான்.

டிங்கி என்பது நான் எடுத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. ஆயாக்கொட்டகைச் சிறுவர்களுக்கு மாலையில் கதைப்புத்தகம் படித்துக்காட்டுவதாக இருக்கலாம். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாத முதியோருக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக்கொள்ள அட்டவணை எழுதித் தருவதாக இருக்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். நானும் நீங்களும் பட்டியல் போட்டுக் கொடுத்தால் மறுபடியும் துடைப்பத்துக்கே வந்து சேர்வோம்.

இனி உங்கள் மனத்திலிருக்கும் தயக்கங்களுக்கு வருகிறேன்.

தாய்மார் வழக்கமாகக் கேட்பது, 'அவள் போய்விட்டால் தம்பியை யார் பார்ப்பது, சட்டிபானை யார் கழுவுவது?' என்பது. நியாயமான கேள்வி. விடியுமுன் வேலைக்குப் போகும் வீட்டில் மூத்த பெண்தான் இரண்டாம் தாய். ஆனால் புறப்பாட நடவடிக்கை நடப்பது வாரத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாள் அண்ணன் சட்டி கழுவினால் கை தேய்ந்துவிடாது. தந்தைமாரே, இதை நீங்கள் சொன்னால்தான் வீட்டில் நடக்கும்.

அடுத்தது, போக்குவரத்து. பள்ளிப் பேருந்து போய்விட்ட பிறகு பிள்ளை எப்படி வீடு திரும்புவாள் என்னும் கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நகரத்துப் பிள்ளைக்கு இல்லாத தடை இது. ஒரே தோட்டத்திலிருந்து நான்கைந்து பேர் சேர்ந்தால் பெற்றோர் முறைவைத்து அழைத்துவரலாம். ஒருத்தியை மட்டும் சேர்க்காமல், தோழியரோடு சேர்த்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டம் எந்நாளில், எத்தனை மணிக்கு முடிகிறது என்று ஆசிரியையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முகாம் என்றால் இரவு தங்கவேண்டியிருக்கும். 'வயதுக்கு வந்த பெண்ணை வெளியில் தங்கவிடுவதா?' என்று பாட்டிமார் கேட்பார்கள். எங்கே தங்குகிறார்கள், உடன் இருக்கும் ஆசிரியைகள் யார் யார், குளியலறை எப்படி, உடல்நலம் குன்றினால் எந்த மருத்துவமனை என்று நேரில் போய்க் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தெளிவான மறுமொழி கிடைத்தால் ஒப்புதல் கடிதத்தில் கையொப்பமிடுங்கள். கிடைக்காவிட்டால் இடவேண்டாம். கேள்வி கேட்காமலே 'வேண்டாம்' என்று கடிதத்தைத் திருப்பி அனுப்புவதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

சீருடைச் செலவு ஒரு சுமைதான். படிப்பு முடித்துப்போன மூத்த மாணவியரின் சீருடை பல வீடுகளில் பெட்டியில் மடித்துக் கிடக்கும். கேட்டால் தருவார்கள்.

கல்வியிலும் இதற்குப் பயன் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது நூற்றுக்குப் பத்துப் புள்ளிகள் புறப்பாட நடவடிக்கைகளுக்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நன்றாகப் படித்தும் அந்தப் பத்தில் குறைந்துபோன தோட்டத்துப் பிள்ளைகள் உண்டு. பதவி வகித்ததற்கும், பணி நடத்தியதற்கும் சான்று வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பத்திரமாய் வைத்திருக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் புள்ளிக்காகவே சேரும் பிள்ளை முதல் மழைக்கே குடையைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடுவாள் என்பது என் எண்ணம். அவளுக்கு விருப்பம் இருக்கிறதா என்று முதலில் அவளையே கேளுங்கள்.

செய்யவேண்டியது அதிகமில்லை. தொடக்கப்பள்ளியில் படிக்கும் மகள் இருந்தால், துனாஸ் புத்ரி குழு பள்ளியில் உண்டா என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். இடைநிலைப்பள்ளியில் சீருடை இயக்கங்களுக்குப் பெயர் பதிவது பள்ளியாண்டின் தொடக்கத்தில்தான். அப்பொழுது பிள்ளை கொண்டுவரும் பாரத்தைக் கவனித்துப் படித்து, இடம் நிரம்புமுன் கொடுத்துவிடுங்கள். குழுவே இல்லாத பள்ளியென்றால், பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால், ஆசிரியை ஒருவரை நியமித்துத் தொடங்குவதற்கு வழியிருக்கிறதா என்று பள்ளி நிர்வாகம் ஆராய்ந்து பார்க்கும்.

நான் நெடுநேரம் பேசிவிட்டேன். இனி நீங்கள் வினா எழுப்பலாம். பெரியவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள், பின்வரிசையில் இருக்கும் மாணவியர் முதலில் கேட்கட்டும்.